டொனால்டா, போகோவா?

பழைய அமெரிக்க சிறுவர் காமிக்ஸில் பேசும் மிருகங்கள் என்றாலே எனக்கு இரண்டு பேர்தான்: கார்ல் பார்க்ஸ் வரைந்த டொனால்ட் டக், வால்ட் கெல்லியின் போகோ என்ற ஒபோசம் (வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் சிறு விலங்கு). இரண்டுமே 1940களில் டெல் காமிக்ஸ் என்ற பதிப்பகத்தில் வந்தவை.

பார்க்ஸ் கதை ஒரு இடத்தில் நிற்காது. 1949-ல் வந்த ஆண்டீஸ் மலைக் கதையில், மியூசியத்தில் தூசி தட்டும் டொனால்ட் ஒரு சதுரக் கல்லைக் கீழே போட்டு உடைக்க, அது முட்டை என்று தெரிய, அதை இட்ட கோழியைத் தேடி மருமகன்கள் மூவரோடு தென் அமெரிக்கா போய்ச் சேருகிறான். அங்கே மூடுபனிக்குள் ஒரு ஊர், உருண்டையாக எதைச் செய்தாலும் குற்றம். பையன்களோ பபுள்கம் ஊதுகிறார்கள்! நேஷனல் ஜியாகரபிக் படங்களைப் பார்த்து வரைந்தவர் என்பதால் மலையும் பனியும் நிஜமாகவே இருக்கும்.

போகோ அதிகம் அலைவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பக்கத்து ஒக்கஃபனோக்கி சதுப்புநிலம், ஒரு படகு, சுருட்டு பிடிக்கும் முதலை ஆல்பர்ட், போதும். சிரிப்பு முழுக்கப் பேச்சில். பின்னால் செய்தித்தாள் தொடரானபோது டீக்கன் மஷ்ரட் என்ற நீரெலி வாய் திறந்தால் பேச்சு பலூனுக்குள் பழைய கோதிக் எழுத்து, சர்க்கஸ்காரக் கரடிக்கு சர்க்கஸ் போஸ்டர் எழுத்து. படிக்கும்போதே குரல் கேட்கும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு பார்க்ஸையே கொடுப்பேன், படத்தைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். கெல்லியின் கொச்சை ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பது பெரும்பாடு, பாதி சுவை போய்விடும். அப்புறம், கொஞ்சம் வளர்ந்த பிறகு போகோவை ஆங்கிலத்திலேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.