சிங்கப்பூர் உணவங்காடிகளும் வரைபடச் செயலியும்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அடுத்த மாதம் சிங்கப்பூர் போகும் நண்பர், "மேப்பை வைத்தே சாப்பாட்டுக் கடையைப் பிடித்துவிடலாம்தானே?" என்று கேட்டதால் இது. வழி காட்டுவதில் அந்தச் செயலியைக் குறை சொல்லவே முடியாது. எந்த எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வரவேண்டும், எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும், எல்லாம் கச்சிதம். கோபம் வருவது கடைசி ஐம்பது மீட்டரில்.

சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு கட்டடத்துக்கு ஒன்று. உணவங்காடி என்பது சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம்; சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற கட்டடத்தில் அப்படி 200க்கும் மேற்பட்ட கடைகள். அத்தனைக்கும் அதே ஆறு இலக்கம். எந்தக் கடையைத் தேடினாலும் புள்ளி அந்தக் கட்டடத்தின் மேல்தான் போய் விழும். உள்ளே போனதும் ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும், மாடியும் தெரியாது. தியோங் பாரு சந்தையில் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அது சொல்லும்போது நீங்கள் மீன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். சாப்பாடு மேல்மாடியில்.

அங்கே கைகொடுப்பது கடை எண் ஒன்றுதான். 02 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, அதன்பின் இரண்டு அல்லது மூன்று இலக்கம் இருக்கும். தரைத்தளம் அவர்களுக்கு 01, ஆகவே 02 என்பது நம்மூர்க் கணக்கில் முதல் மாடி. கிளம்பும் முன்பே அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையின் மூலையில் சின்ன எழுத்தில் அதே எண் இருக்கும். இரண்டு கடைகளின் எண்ணைப் பார்த்தால் வரிசை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பிடிபட்டுவிடும். சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் பகுதிகளை நிறத்தாலும் பிரித்திருப்பதால், எண்ணோடு நிறத்தையும் சேர்த்துக் கேட்டால் சட்டென்று கை காட்டுவார்கள்.

அடுத்தது நேரம். செயலியில் "திறந்திருக்கிறது" என்று பச்சையில் வருவது பெரும்பாலும் கட்டடத்தின் நேரம். கடைக்காரர் காலையில் ஆரம்பித்து, சரக்கு தீர்ந்தால் மதியம் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார். பல கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அலுவலகக் கூட்டத்தை நம்பி நடக்கும் அமோய் ஸ்ட்ரீட் உணவங்காடியில் சனி, ஞாயிறு பாதிக் கடைகள் திறக்காது. போதாததற்கு, சுத்தம் செய்யவும் பழுதுபார்க்கவும் உணவங்காடி முழுவதையும் அவ்வப்போது மூடுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது, அதையும் பார்த்துவிடுங்கள். கடையின் நேரத்துக்கு நம்பகமான ஆதாரம், மற்றவர்கள் போட்ட படங்களில் மிகப் புதியது. விடுமுறை நாள் எழுதிய அட்டை அதில் தெரிந்தால் அதை நம்புங்கள், பச்சை எழுத்தை அல்ல.

செயலியில் வரும் நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உணவங்காடிக்கு மொத்தமாகக் கிடைத்த 4.3ஐ வைத்து ஒரு கடையின் மீ கோரெங்கை (வறுத்த நூடுல்ஸ்) எடைபோட முடியாது. மதியம் பன்னிரண்டரைக்கு, வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் எந்த வரிசையில் நிற்கிறார்களோ அதில் நில்லுங்கள்.

செயலி சொல்லாத சில்லறை விஷயங்களும் உண்டு. மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தை வேறு யாரோ பிடித்தாயிற்று என்று அர்த்தம். பல கடைகளில் டிஷ்யூ தரமாட்டார்கள், கையோடு கொண்டுபோங்கள். இரண்டு, ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாள்கள் சில வைத்திருங்கள்; வங்கி அட்டை வாங்காத கடைகள் இன்னும் உண்டு. சர்க்கரையும் பாலும் இல்லாத காப்பிக்கு "கோப்பி ஓ கொசொங்", பார்சலுக்கு "தபாவ்". சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மாற்றி வைத்துவிடாதீர்கள்.

வழிகாட்டியாக ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். ஆனால் நண்பர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அதற்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. உணவங்காடி வாசலில் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கடை எண்ணோடு உள்ளே போங்கள்.