மாடிவீட்டுப் பால்கனிக்கு எந்தப் பெரணி: அஸ்பிளீனியமா, அடியாண்டமா?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் பெரணி வளர்க்க ஆசைப்பட்டுச் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளுக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் இரண்டு செடிகளுக்கு முன்னால் தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, பறவைக்கூடுபோல விரியும் அஸ்பிளீனியம். மற்றொன்று, கறுத்து மின்னும் மெல்லிய காம்புகளில் சிறுவிசிறி இலைகளைத் தாங்கும் அடியாண்டம். இரண்டையும் வளர்த்துப் பார்த்தபின் நான் அஸ்பிளீனியத்தையே வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசலில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

அழகில் அடியாண்டமே முந்தும். நிழல் இரண்டுக்கும் வேண்டும்; பிற்பகல் வெயில் நேராக அடித்தால் இரண்டுமே கருகும்.

தண்ணீர்தான் இங்கே தீர்ப்புச் சொல்லும். அடியாண்டத்தின் இலை மிக மெல்லியது. மாடிக் காற்றில் தொட்டி மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் இலைகள் சுருண்டு பொரிந்துவிடும், பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் அவை நிமிர்வதில்லை. காய்ந்ததை ஒட்ட வெட்டி ஈரமாக வைத்திருந்தால் கிழங்கிலிருந்து புதுத்தளிர் வரலாம். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இந்த வேலையைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? அஸ்பிளீனியம் நைடஸ் அப்படியன்று. பினாங்குச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் மண்ணே இல்லாமல் வாழும் செடி அது. உதிரும் சருகுகளைத் தன் நடுக்குழியில் பிடித்து மக்கவைத்து, பஞ்சுபோன்ற வேர்த்திரளில் மழைநீரைச் சேமித்துக்கொள்கிறது. தென்னைநாரும் அடுப்புக்கரியும் கலந்த தொட்டியில் வைத்து, நடுக்குருத்தில் தேங்காமல் ஓரமாக நீர் ஊற்றினால் போதும். சில நாள் மறந்தாலும் தடித்த இலைகள் தாங்கிக்கொள்ளும்.

இந்தத் தாக்குப்பிடிக்கும் குணம் அந்தப் பேரினத்திலேயே பரவலாக உண்டு. ஏறத்தாழ 700 இனங்களைக் கொண்ட அஸ்பிளீனியத்தில், ரூட்டா முராரியா ஐரோப்பாவின் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் இடுக்குகளில் வேர்பிடிக்கிறது. நியூசிலாந்தின் புல்பிஃபெரம் தன் இலைமீதே குட்டிச்செடிகளை முளைக்கவைக்கிறது. அடியாண்டத்திலும் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல நிழலும் ஈரமும் குறையாத இடங்களை நாடுபவை.

அஸ்பிளீனியத்திலும் குறைகள் உண்டு. இலை ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்து நடைவழியை அடைக்கும். அதன் சருகுக்குழியில் எறும்பும் குடியேறும். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் செய்து 2004இல் வெளியான ஆய்வு, காட்டு விதானத்துப் பறவைக்கூட்டுப் பெரணிகளுக்குள் ஏராளமான பூச்சிகள் வாழ்வதைக் காட்டியது. இலையின் அடிப்புறத்தில் நரம்போடு ஒட்டிச் சாய்வாக ஓடும் பழுப்புக் கோடுகளையும் பூச்சி என்று எண்ணிச் சிலர் வெட்டி எறிகிறார்கள். அவை வித்துத்தூள் பைகளின் வரிசைகளே.

குளிர்சாதன அறைக்குள் இரண்டையும் நான் வைத்துப் பார்த்ததில்லை. தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும், காற்று அதிகம் அடிக்காத தரைவீடு என்றால் அடியாண்டத்தைத் தயங்காமல் வாங்கலாம்.