ப்ராக்கா, புடாபெஸ்டா? இரண்டு பேருக்கு, ஐந்து நாளுக்கு

ஷெங்கன் விசா வந்துவிட்டது, லீவு ஐந்தே நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும், ப்ராக் போகலாமா புடாபெஸ்ட் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் இருவரில் காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டு வந்த பிறகு இதைவிட உருப்படியான கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

செக் நாட்டுத் தலைநகரான ப்ராக் விடியற்காலை ஊர். வல்டாவா ஆற்றின் மேலிருக்கும் சார்லஸ் பாலத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டியது, 516 மீட்டர் நீளம், இருபுறமும் முப்பது சிலைகள். படத்தில் ஆளே இருக்காது. நேரில் காலை பத்து மணிக்குப் போனால் தேர்க்கூட்டம்தான். சிலையைப் பார்க்க முடியாது, சிலையோடு செல்ஃபி எடுப்பவர்களின் முதுகைத்தான் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் ஐந்தரைக்கே என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனார். திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனால் ஆற்றில் பனிமூட்டம், பாலத்தில் எங்களையும் சேர்த்து ஆறேழு பேர், மேலே கோட்டை மட்டும் மிதப்பது போல. 1393இல் ஆற்றில் வீசப்பட்ட நேபோமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலை அங்கே இருக்கிறது. அதன் பீடத்தில் உள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் மறுபடியும் ப்ராக்குக்கு வரலாம் என்பது நம்பிக்கை. தகடு முழுக்கக் கறுத்திருக்க, கைபட்டுக் கைபட்டு ஒரு உருவம் மட்டும் மெருகு போட்ட பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது.

ப்ராக்கின் பலமே அதுதான்: காலாற நடக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலும் தப்பிய ஊர் என்பதால் பழைய தெருக்கள் அப்படியே இருக்கின்றன. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு வளைவு, ஒரு முற்றம். கோட்டைக்கு மட்டும் ஏறி நடக்காதீர்கள். 22ஆம் எண் டிராமில் மேலே போய், படி வழியாக இறங்கி வாருங்கள். உள்ளே இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தை 1344இல் ஆரம்பித்து 1929இல்தான் முடித்தார்கள். எல்லோரும் சொல்லும் வானியல் கடிகாரம் 1410இல் செய்தது. அத்தனை பழையது இன்னும் ஓடுவது ஆச்சரியம்தான். மற்றபடி மணிக்கொரு முறை எலும்புக்கூடு பொம்மை மணியடித்து, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் எட்டிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக அரை மணி நேரம் அண்ணாந்து நிற்பது எனக்குச் சரிப்படவில்லை.

பலவீனமும் அதே நடைதான். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கல் பாவியது. எங்கள் டிராலிப் பெட்டியின் ஒரு சக்கரம் முதல் நாளே கழன்று உருண்டது. மூட்டுவலி இருப்பவர்களுக்கு மூன்றாம் நாள் தெரிந்துவிடும்.

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் சாயங்கால ஊர். டான்யூப் ஆறு அங்கே அகலம். ஒரு கரையில் மேடான புடா, எதிர்க்கரையில் சமதளமான பெஸ்ட். 1873 வரைக்கும் வேறு வேறு ஊர்கள். ப்ராக்கில் ஆற்றைக் கடப்பதுதான் சுகம். இங்கே கடக்க வேண்டாம், ஒரு கரையில் உட்கார்ந்து மறுகரையைப் பார்த்தால் போதும். புடா பக்கம் பாட்டியானி சதுக்கத்தில் மெட்ரோவை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே நாடாளுமன்றம். இருட்டத் தொடங்கும்போது விளக்கு போடுவார்கள், 268 மீட்டர் நீளக் கட்டடமும் பொன்னிறமாகித் தண்ணீரில் இறங்கிவிடும். வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சண்டை போடாமல் இருவரும் பேசாமலிருந்தது அன்றைக்குத்தான்.

அந்த நாடாளுமன்றக் கோபுரத்தின் உயரம் 96 மீட்டர். புனித ஸ்டீபன் பேராலயமும் அதே 96. ஹங்கேரியர்களின் முன்னோரான மாகியர்கள் 896இல் வந்து குடியேறினார்கள் என்ற கணக்கு அது. ஆயிரமாண்டு விழா நடந்த 1896இல்தான் ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயிலையும் ஓடவிட்டார்கள். மஞ்சள் நிறக் குட்டி ரயில், சில படி இறங்கினாலே நடைமேடை. கால் வலிப்பவர்களுக்கு வரம்.

அதில் ஏறினால் சேச்செனி வெந்நீர்க் குளியலுக்குப் போய்விடலாம். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் நீரை ஆற்றி விடுகிறார்கள். தாத்தாக்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று செஸ் ஆடுவார்கள். நீச்சல் உடை போட்டு எனக்குப் பழக்கமில்லை. முதல் பத்து நிமிடம் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் இறங்கிவிட்டேன். இது திறந்தது 1913இல். அதே ஆண்டு இதே ஊரில் பிறந்தவர்தான் ஓவியர் அம்ரிதா ஷெர்-கில், பிற்பாடு தென்னிந்தியாவைச் சுற்றிவிட்டு நம் பக்கத்து மனிதர்களை வரைந்தவர்.

ஆனால் புடாபெஸ்ட் முழுக்க அழகு என்று நினைத்துப் போகாதீர்கள். இங்கே போர் தப்பவிடவில்லை. பின்வாங்கிய ஜெர்மன் படை பாலங்களைத் தகர்த்தது. 1849இல் திறந்த சங்கிலிப் பாலத்தை மறுபடி கட்டித் திறந்தது 1949இல். நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஆற்றோரம் அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. 1944-45இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளியதன் நினைவு. ஒரு குழந்தையின் ஷூவுக்குள் யாரோ ஒரு மிட்டாய் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அன்று படகுச் சவாரிக்குப் போக மனசு வரவில்லை.

சாப்பாட்டில் இரண்டும் இறைச்சி ஊர்கள். சைவம் என்றால் ப்ராக்கில் பாலாடைக் கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். இரண்டு வேளைக்கு மேல் தாங்காது. புடாபெஸ்டின் லாங்கோஷ் நம் நாக்குக்கு நெருக்கம்: பட்டூரா மாதிரி பொரித்த மாவு, மேலே பூண்டு, புளித்த கிரீம், சீஸ். இதில் புடாபெஸ்டுக்கே என் ஓட்டு.

பணம் இரண்டு ஊரிலும் யூரோ இல்லை. ப்ராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட். ஏடிஎம் திரையில் ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். நான் ஒரு இடத்தில் சரி என்று அழுத்திவிட்டு, கணக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

ரயில் இருக்கிறதே, இரண்டையும் பார்த்துவிடலாமே என்பார்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். ஐந்து நாளில் ஒரு நாள் போச்சு. எட்டு நாள் இருந்தால் செய்யலாம்.

இருவருமே விடியலில் எழுபவர்கள், கால் நன்றாக இருக்கிறது, போட்டோ பைத்தியம் என்றால் ப்ராக். ஒருவர் எட்டு மணி வரை தூங்குபவர் என்றால் புடாபெஸ்ட். அந்த ஊர் அவருக்காகச் சாயங்காலம் வரை காத்திருக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், புடாபெஸ்ட்தான். வெளியே பனி, கழுத்து வரை வெந்நீர். நீச்சல் உடையை மட்டும் நம் ஊரிலேயே வாங்கி, பெட்டியில் முதலில் வைத்துவிடுங்கள். சக்கரத்தையும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.