12 வார பார்க்கூர் வகுப்பு: குதிக்காமல் இறங்கிய நாளுக்கே கட்டிய பணம் தகும்

எனக்கு 43 வயது. பகல் முழுக்க நாற்காலி வேலை. மாடிப்படி வேகமாக இறங்கினாலே முட்டி முனகும். இந்த லட்சணத்தில் பார்க்கூர், அதாவது சுவர், படி, கம்பி என்று எதிரில் வரும் தடைகளை ஓடியும் ஏறியும் தாவியும் கடக்கும் பயிற்சி, கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். கூரைக்குக் கூரை தாவும் வீடியோக்களைத்தானே அவர்களும் பார்த்திருக்கிறார்கள். தொடக்கநிலை வகுப்பு, 12 வாரம், வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். போன வாரம் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தாவல் சாகசம் எதிர்பார்த்துப் போனால் முதல் 4 வாரம் எரிச்சல்தான் வரும். கையும் காலும் ஊன்றி முன்னால், பின்னால், பக்கவாட்டில் நடக்கச் சொல்வார்கள். அதே மாதிரி படிக்கட்டில் தலை கீழ்ப்பக்கம் இருக்க இறங்கச் சொல்வார்கள். முதல் நாள் பின்னோக்கி 20 மீட்டர் போனதற்கு மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போடக்கூட மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. அப்புறம் தாழ்வான குழாய் மேல் நடை, சுவரில் தொங்கல், ஒரே ஒரு படி உயரத்திலிருந்து இறங்கல். எப்போதுதான் குதிக்கவிடுவீர்கள் என்று கேட்டே விட்டேன். “தசை சில வாரத்துல தேறிடும்ணா, தசையை எலும்போட சேர்க்கிற தசைநாருக்கு மாசக்கணக்குல ஆகும். அது பிடிச்சுக்கிட்டா ரொம்ப நாள் உட்கார வெச்சிடும்” என்றார் பயிற்சியாளர். என் வயதில் பாதிதான் இருப்பார். பேச்சு மட்டும் என் தாத்தா மாதிரி.

தரையிறங்கலைச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்தது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவராகக் குதிக்கவிட்டார். சத்தத்தை வைத்தே யார் குதிகாலில் இறங்குகிறார்கள், யார் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் எனக்கே என் ‘தொப்’ சகிக்காமல் போய்விட்டது. முன்பாதம் முதலில், முட்டி உள்பக்கம் மடியக்கூடாது, 90 டிகிரியைத் தாண்டி உட்காரவும் கூடாது. இவ்வளவுதான் பாடம். ஆனால் இது உடம்பில் பதிய நூற்றுக்கணக்கான முறை இறங்கியிருப்பேன்.

விளம்பரத்தில் ‘இயற்கை அசைவுப் பயிற்சியும் உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். பாதி உண்மை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஹெபெர் நூறு வருஷத்துக்கு முன்பே தன் ‘இயற்கை முறை’யை 10 வகையாகப் பிரித்தார்: நடை, ஓட்டம், தாவல், நாலு காலில் நகர்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல். இந்த வழியில் பழகியவர்தான் பாரிஸ் தீயணைப்பு வீரர் ரேமோன் பெல். அவர் மகன் தாவீதும் நண்பர்களும் லீஸ் என்ற புறநகரில் வளர்த்தெடுத்ததுதான் பார்க்கூர். நீச்சல் இல்லாததை மன்னிக்கலாம். ஒரு மணல்மூட்டையைக் கூடத் தூக்க வைக்காமல் அந்தப் பெயரைப் போடுவது கொஞ்சம் அதிகம்.

இப்போது தலைப்பில் சொன்ன நாளுக்கு, 9ஆவது வாரத்துக்கு வருகிறேன். இடுப்பு உயரத்தில் இரண்டு மரப் பெட்டிகள். இடைவெளி என் பாத அளவில் ஆறரை. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதே பாத அளவில் 8 பாதம் பத்துக்குப் பத்து முறை தாண்டியிருந்தேன். பெட்டி மேல் ஏறியதும் கால் நகரவில்லை. கையை வீசுவேன், நிறுத்துவேன். எதிர்ப்பெட்டியின் விளிம்பில் வண்ணம் உரிந்த ஓர் இடம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 11 நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள்.

பயிற்சியாளர் “பயப்படாதீங்க” என்று சொல்லவில்லை. “எதுக்குப் பயம்ணா? தூரத்துக்கா, விழறதுக்கா?” என்று கேட்டார். யோசித்தால், இரண்டும் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு விளிம்பில் இடித்துவிடுமோ என்றுதான் பயம். “சரி, அப்ப அதையே பழகுவோம்” என்று இறக்கினார். தரையிலிருந்து வேண்டுமென்றே குறைவாகத் தாவி, பெட்டியின் பக்கத்தைப் பாதத்தால் உதைத்துப் பின்னால் இறங்குவது. 15 முறை. திரும்ப மேலே ஏறினேன். “மூணு தடவை கை வீசியும் கிளம்பலைன்னா இறங்கிடுங்க, அரை மனசோட குதிக்கிறதுதான் ஆபத்து” என்றார். மூன்று முறை வீசினேன். இறங்கிவிட்டேன். யாரும் ‘அச்சச்சோ’ போடவில்லை. 11ஆவது வாரம் அந்த இடைவெளியைத் தாண்டினேன். வீடியோவில் பார்த்தால் வாய்க்கால் தாண்டுவது போலத்தான் இருக்கிறது. “ஒண்ணு அதிர்ஷ்டம், மூணு பண்ணுங்க” என்றார். பண்ணினேன்.

ஆனால் நான் உறைந்து நின்ற அந்த 9ஆவது வார நாளில் வந்திருந்தது 6 பேர். வழக்கமாக 18 பேருக்கு ஒரே பயிற்சியாளர். அந்தக் கூட்டத்தில் எனக்கு 11 நிமிஷம் கிடைத்திருக்காது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் “போங்க போங்க, முடியும்” என்று கைதட்டுவார்கள். நல்லெண்ணம்தான். அந்தக் கைதட்டலுக்காகவே அரை மனதோடு குதித்த ஒருவர் கணுக்கால் பிசகி 3 வாரம் வரவில்லை.

இன்னொரு குறை, உருளல், அதாவது இறங்கும் வேகம் தணியத் தரையில் உருள்வது. வலது தோளில் தொடங்கி முதுகில் குறுக்காகப் போய் இடது இடுப்பில் முடிய வேண்டும். இதைத் தடிமனான மெத்தையில் கற்றுத்தந்தார்கள். மெத்தையில் எப்படி உருண்டாலும் சுகமாகத்தான் இருக்கும். நான் நேராக முதுகெலும்பு மேலேயே உருண்டுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 8ஆவது வாரம் கட்டாந்தரையில் உருளச் சொன்னபோது எலும்பெலும்பாகத் தெரிந்தது. நடுமுதுகில் கன்றிய தழும்புதான் எனக்குக் கிடைத்த மார்க் ஷீட். கேட்டதற்கு, “எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்” என்றார்கள். கடைசியில் வீட்டுத் தரையில் மண்டியிட்ட நிலையிலிருந்து மெதுவாக உருண்டு நானே சரிசெய்துகொண்டேன்.

வரவேற்பில் ஷூ விற்கிறார்கள். வாங்க வேண்டியதில்லை. அடிப்பாகம் மெல்லிசாக, தட்டையாக, வழுக்காமல் இருக்கும் எந்த ஷூவும் போதும். குதிகாலில் பஞ்சு அடைத்தது மட்டும் வேண்டாம், தப்பாக இறங்குவது தெரியாமலே போய்விடும்.

சேருவதானால் காலை வகுப்பில் சேருங்கள், கூட்டம் குறைவு. நான் அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிட்டேன். உருளல் நாளில் மெத்தையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலிருந்தே தொடங்க முடியுமா என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள்.