சுகர், பிரஷர் மாத்திரை: அரசு ஆஸ்பத்திரியா, மக்கள் மருந்தகமா?

மாதக் கடைசியில் மளிகையா மாத்திரையா என்று வந்தால் பல வீடுகளில் மாத்திரைதான் நின்றுபோகும்.

செலவு:
ஆரம்ப சுகாதார நிலையம் – மாத்திரை இலவசம். ஆனால் வேலை நாளில் போனால் அரை நாள் கூலி போகும். உண்மையான விலை அதுதான்.
மக்கள் மருந்தகம் (மத்திய அரசு திட்டத்தில் நடக்கும் ஜன் ஔஷதி கடை) – காசு உண்டு, பிராண்டு மாத்திரையைவிட 50 முதல் 90 சதவீதம் குறைவு.

அலைச்சல்:
ஆரம்ப சுகாதார நிலையம் – காலையிலேயே வரிசை. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தால், 45 வயது தாண்டியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும்.
மக்கள் மருந்தகம் – வேலை முடிந்து மாலையில் வாங்கலாம். டாக்டர் சீட்டு வேண்டும்.

பரிசோதனை:
முன்னதில் சுகர், பிரஷர் பார்ப்பதும் இலவசம். பின்னதில் மருந்து மட்டுமே.

சிக்கல் இரண்டு இடத்திலும் வாங்கும்போதுதான். அட்டையில் பெரிதாக இருக்கும் பிராண்டு பெயரை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு என்ற சுகர் மருந்து இரண்டு அட்டையிலும் இருந்து இரண்டையும் விழுங்கினால் சுகர் இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் சுகர் மாத்திரை) என்ற மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாகக் கரைய வேண்டியது மொத்தமாகக் கரைந்துவிடும்.

புதிதாக நோய் தெரிந்தவர், வயதானவர், பரிசோதனைக்கும் காசில்லாதவர்: ஆரம்ப சுகாதார நிலையம். அளவு மாறாமல் ஒரே மாத்திரையில் இருக்கும் தினக்கூலிக்காரர்: மக்கள் மருந்தகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அரை நாள் லீவு போட்டுப் பரிசோதனைக்குப் போகட்டும்.