மோட்டார்ஹோமில் வாழ்ந்து பார்த்ததில்: சோலாருக்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்கள்

மோட்டார்ஹோம், அதாவது கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு வீடு போல அமைந்த வண்டி, வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சோலார் பேனலைப் பற்றித்தான். எத்தனை வாட் வேண்டும், எந்த பேட்டரி நல்லது, இன்வெர்ட்டர் தேவையா என்று கேட்பார்கள். நாங்கள் இருவர் பல வருடங்களாக வருடத்தின் பெரும்பகுதியை வண்டியிலேயே கழிக்கிறோம். மின்சாரம் தீர்ந்துபோய் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பியது அபூர்வம். தண்ணீர் தீர்ந்தோ, கழிப்பறைக் கேசட் (கழிவு சேரும், கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி) நிரம்பியோதான் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கேட்கும்போது நிறைய என்று தோன்றும். ஆனால் வீட்டு ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை கொட்டுகிறது. அதே பழக்கத்தில் இரண்டு பேர் குளித்தால் டேங்க் அன்றைக்கே காலி. வண்டியில் குளிக்கும் முறையே வேறு: உடம்பை நனைத்ததும் தண்ணீரை மூடிவிட வேண்டும், சோப்பு போட்டு முடித்த பிறகுதான் மறுபடி திறக்க வேண்டும். கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் உள்ள ஷவர் இருந்தால் ஒருவருக்கு 6 லிட்டர் தாராளம். பொத்தான் இல்லாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். சூடான தண்ணீர் வரும்வரை வெளியேறும் பச்சைத் தண்ணீரை நாங்கள் ஒரு குவளையில் பிடித்துப் பாத்திரம் ஊறவைக்க எடுத்துக்கொள்வோம். தட்டுகளையும் வாணலியையும் முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் மிச்சமாவது மட்டுமல்ல, கழிவுநீர் டேங்கில் எண்ணெய் சேராது, நாற்றமும் வராது. இப்படியெல்லாம் கவனமாக இருந்தால் இருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் ஆகும். ஆக, நான்கு நாள்.

கேசட் அதற்கு முன்பே நிரம்பிவிடும். அதன் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. இதை யாரும் விற்பனைக் கூடத்தில் எடுத்துச் சொல்வதில்லை. இத்தனை வருடங்களில் வண்டிக்காக வாங்கிய பொருட்களில் எது சிறந்தது என்று கேட்டால், இரண்டாவது கேசட் என்று தயங்காமல் சொல்வேன். ஒன்று நிரம்பியதும் கழற்றி வைத்துவிட்டு மற்றதைச் செருகிக்கொள்ளலாம். கொட்டும் இடத்துக்கு அவசரமாக ஓட வேண்டியதில்லை. கொட்டும்போது கவிழ்த்த பிறகு காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குபுகுபுவென்று வந்து காலில் தெறிக்கும். நாற்றம் வராமலிருக்கக் கேசட்டில் ஊற்றும் மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு கலந்தவை, கொட்டும் இடத்துச் செப்டிக் டேங்கில் கழிவை மக்கச்செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அது இல்லாத வகை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். மூடி ரப்பருக்கு அவ்வப்போது சிலிக்கோன் தடவினால் ஒட்டிக்கொள்ளாது, கசியவும் செய்யாது.

தண்ணீர் பிடிக்கும் ஹோஸ் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும். கேசட் கழுவும் ஹோஸ் வேறு நிறத்தில், வேறு பெட்டியில் இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரை நாங்கள் தனி கேனில்தான் வைத்துக்கொள்கிறோம். அப்புறம், பம்ப் போடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள். அழுத்தத்தில் இயங்கும் பம்ப், குழாயைத் திறந்தால்தான் ஓட வேண்டும். நள்ளிரவில் யாரும் எதையும் திறக்காமலே ஒரு நொடி உறுமி அடங்கினால், எங்கோ ஓர் இணைப்பில் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விடிந்ததும் முதல் வேலையாக இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாக உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரமாகும் இடம் தெரிந்துவிடும். தரைப் பலகைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

சரி, தண்ணீருக்கு எடையும் உண்டு. 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய உச்ச எடை 3500 கிலோ. பல வண்டிகள் காலியாக இருக்கும்போதே 3000 கிலோவை நெருங்கிவிடும். மீதமுள்ளதில்தான் மனிதர்கள், தண்ணீர், எரிவாயு சிலிண்டர், துணிமணி, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். வெளியே விரிக்கும் கூரைத்துணி, சைக்கிள், கூடுதல் பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எல்லை தாண்டியதே தெரியாது. முழுச் சுமையோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் சுமை நெம்புகோலாக வேலை செய்கிறது. மொத்தம் 50 கிலோ வரும் சைக்கிள்களைப் பின்னால் மாட்டினால் பின் அச்சில் ஏறுவது 50 கிலோவுக்கும் அதிகம். அந்த உபரி முன் அச்சிலிருந்து குறைகிறது. முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஈரப் புல்வெளியில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். கனமான பொருட்களைத் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் வைப்பதே நல்லது. மேல் அலமாரிகளில் துணியும் ரொட்டியும் போதும்.

அடுத்தது ஓதம். மோட்டார்ஹோமை வயதாக்குவது ஓடிய கிலோமீட்டரைவிட ஈரம்தான் என்பது என் திடமான எண்ணம். ஈரம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, நாமே உண்டாக்குவது. இருவர் மூடிய வண்டிக்குள் இரவு முழுதும் தூங்கினால் மூச்சிலும் தோல் வழியாகவும் கிட்டத்தட்ட அரை லிட்டர் ஈரம் காற்றில் சேரும். திறந்த அடுப்பில் ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். எரியும் வாயுவிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகத்தான் மாறுகிறது. குளிர்காலக் காலையில் முன்கண்ணாடி வியர்த்து வழிவதை எல்லோரும் பார்க்கிறார்கள், துடைத்தும் விடுகிறார்கள். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. உடம்புச் சூடு மேலிருந்தும், குளிர்ந்த பலகை கீழிருந்தும் சேர்ந்து மெத்தையின் அடிப்பக்கத்தை ஈரமாக்கிவிடும். சில வாரங்களில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடித்துவிடும். மெத்தைக்குக் கீழே காற்று நுழையும் வலை விரிப்பு ஒன்றைப் போட்டு, காலையில் எழுந்ததும் மெத்தையை நிமிர்த்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. குளிர் அடிக்கிறதே என்று கூரைத் திறப்பை முழுதாக மூடாதீர்கள். ஒரு விரல் அளவு திறந்து வைத்து, கூடவே ஹீட்டரையும் ஓட்டுங்கள். எரிவாயு கொஞ்சம் கூடச் செலவாகும், வண்டி பிழைக்கும்.

இரண்டாவது வழி, மழை. கூரைத் திறப்புகளைச் சுற்றியும், சுவர்கள் சேரும் மூலைப் பட்டைகளிலும் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெளியே மயிரிழை விரிசல்தான் தெரியும். உள்ளே மரச்சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும். பழைய வண்டி பார்க்கப் போனால் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் வேறு வண்டியைப் பாருங்கள். சில நாள் பூட்டி வைத்த வண்டியைத் திறக்கும்போது வரும் முதல் வாசனையும் நிறையச் சொல்லும். நம்பிக்கையான சோதனை வேண்டுமென்றால் ஈரமானி வைத்திருப்பவரை அழைத்துச் செல்லுங்கள். புதிய வண்டி வாங்கியவர்கள் வருடாந்தர ஈரச் சோதனையைத் தவறவிட வேண்டாம். நீர்க்கசிவுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் அந்தச் சோதனையைச் செய்திருந்தால்தான் செல்லும்.

இனி மின்சாரம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் வெயில் நாளில் 40 முதல் 50 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போய்விடும். சாதாரண ஈய அமில பேட்டரியில் 100 ஏ.ஹெச். என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் முக்கால் பங்குக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், எடையும் பாதிதான். ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. கூரையில் படுக்கையாகப் பொருத்திய 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 50 முதல் 70 ஏ.ஹெச். வரை தரும். ஃப்ரிட்ஜ், விளக்கு, பம்ப், போன், மடிக்கணினி எல்லாம் அதற்குள் அடங்கும். சூடாக்கும் சாதனங்கள் மட்டும் ஒத்துவராது. 1500 வாட் கெட்டிலை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். தண்ணீர் கொதிக்க எரிவாயுதான் சரி.

எரிவாயுவில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் கழித்தல் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர் பிரதேசம் போவதாக இருந்தால் புரோப்பேன்தான். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறத்தான் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று அவற்றின் மேல் விரிப்பைப் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள். சமையல் அடுப்பை எரியவிட்டு உள்ளே சூடேற்றுவது உயிரோடு விளையாடுவது.

இடம் சேர்ந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது மட்டம். சின்ன ரசமட்டம் ஒன்று சமையல் மேடையில் எப்போதும் இருக்கும். தலைப்பக்கம் சற்று உயர்ந்தால் பரவாயில்லை, கால்பக்கம் உயர்ந்தால் தூக்கம் வராது. குளியல் தொட்டியின் வடிகால் எந்த மூலையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் இம்மியளவு தாழ்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. எரிவாயுவில் ஓடும் உறிஞ்சு வகை ஃப்ரிட்ஜுக்கு மட்டம் மிக அவசியம்; சாய்ந்து நின்றால் உள்ளே அமோனியாக் கரைசல் சுற்றி வராமல் குளிர்வது நின்றுவிடும். இதையெல்லாம் நிதானமாகச் செய்ய வெளிச்சம் வேண்டும். அதனால் எவ்வளவு நல்ல சாலையாக இருந்தாலும் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவோம். இரவு தங்குவதற்கான விதி இடத்துக்கு இடம் மாறும். வண்டியை நிறுத்தித் தூங்கலாம், ஆனால் நாற்காலி போடக் கூடாது, கூரைத்துணி விரிக்கக் கூடாது என்பது பல இடங்களில் உள்ள நடைமுறை.

ஓட்டுவது பயப்படும் அளவுக்கு இல்லை. வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிவையுங்கள். நெருக்கமாகத் திருப்பும்போது வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும் என்பதை மறக்காதீர்கள். டயரின் ரேகை புதிதாக இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் ரேகை தேய்வதற்கு முன் பக்கச்சுவர் வெடித்துவிடும்.

உள் அமைப்பைப் பொறுத்தவரை, நீண்ட நாள் வாழ்வதற்கு நிலையான கட்டில்தான் என் தேர்வு. இருக்கையை இரவில் கட்டிலாக மாற்றும் வண்டியில் பகலில் இடம் விசாலமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் மற்றவர் உட்கார இடமிருக்காது. மழை மூன்று நாள் விடாமல் பெய்யும்போது, ஒருவர் படுத்துப் படிக்கவும் மற்றவர் மேசையில் வேலை செய்யவும் முடிகிறதா என்பதுதான் எங்களுக்கு அளவுகோல்.

வாங்குவதற்கு முன் அதே அமைப்புள்ள வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். விடுமுறைக் கால வெயிலில் எடுக்காமல், மழையும் குளிரும் உள்ள வாரமாக எடுங்கள். மின் இணைப்பும் கழிப்பறையும் உள்ள முகாம் இடங்களைத் தவிர்த்து, குறைந்தது மூன்று இரவாவது வண்டியில் இருப்பதை மட்டும் வைத்துச் சமாளியுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முன் கேசட்டை நீங்களே கொட்டிக் கழுவுங்கள்.