ஊட்டி சுற்றுப் பேருந்து: 100 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கோடை சீசனில் ஊட்டிக்குள் ஓடும் சுற்றுப் பேருந்துக்கு ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். குறைத்த ஒன்றரையில் பேருந்தின் பங்கு அரைதான். மிச்சம் ஒரு மதிப்பெண் அது ஓட வேண்டியிருக்கிற ரோட்டுக்கு.

நான் கோத்தகிரிக்காரி. எனக்கு ஊட்டி என்றால் கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கமர்ஷியல் ரோட்டில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் துணி, அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்ததால் டூரிஸ்ட் மாதிரி சுற்ற வேண்டியதாயிற்று. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னதும் நான்தான். "கார் இல்லாம அம்மாவ வெச்சுட்டு எப்படிம்மா சுத்தறது?" என்று அண்ணன் போனிலேயே சலித்துக்கொண்டார்.

சுற்றலாம். பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். ஒருமுறை டிக்கெட் எடுத்தால் அன்று முழுக்கச் செல்லும். படகு இல்லம், பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா சிகரம், தேயிலைப் பூங்கா என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்துக்கு டாக்சி பேசினால் ஆகியிருக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேரைச் சத்தமாகச் சொன்னார். அடுத்த வண்டிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டியும் சொன்னார். படிதான் உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி; ஒவ்வொரு முறையும் அண்ணன் கீழே நின்று தாங்க, அண்ணி மேலிருந்து கை கொடுக்க வேண்டியிருந்தது. நிறுத்தங்களில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை, மழைக்கு ஒதுங்க நிழற்குடையும் இல்லை. பேருந்துக்கான அரை மதிப்பெண் அங்கேதான் போயிற்று.

இனி ரோடு.

கார்டனிலிருந்து தொட்டபெட்டா ஜங்ஷன் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் கார். இதற்குக் காரணம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். குறுகலான மலைப்பாதைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் ரோட்டில்தான் தொட்டபெட்டா ஜங்ஷன் இருக்கிறது. ஊரைவிட்டு இறங்கும் கார், சிகரத்துக்கு ஏறப் பார்க்கும் கார், சுற்றுப் பேருந்து, எங்கள் கோத்தகிரி பஸ், மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிய லாரி எல்லாம் அந்த ஒரே முக்கில் முட்டுகின்றன. ஒருவழிப்பாதையை யோசித்தவர்களும் சுற்றுப் பேருந்தை யோசித்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் கதையும் இதேதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். நான் இதை முழுக்க ஆதரிக்கிறேன். உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்த வரம்பு கிடையாது. ஆனால் வாசலில் எண்ணி உள்ளே விட்ட பிறகு காரும் பேருந்தும் ஒன்றுதான். 50 பேரை ஏற்றிய வண்டி, இரண்டு பேர் உட்கார்ந்த காருக்குப் பின்னால் நிற்கிறது. இந்த மலையில் பேருந்துக்குத் தனிப்பாதை போட இடமில்லை, சரி. ஜங்ஷனிலிருந்து சிகரம் வரை உள்ள ரோட்டிலாவது சீசன் முழுக்கப் பேருந்து மட்டும் என்று சொல்லலாமே. மகாராஷ்டிராவில் மாத்தேரான் மலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு வெளியே தஸ்தூரியிலேயே காரை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஊட்டி ஒரு மாவட்டத் தலைநகரம், அந்த அளவுக்குப் போக முடியாது. ஒரு சிகரத்துக்குக்கூடவா முடியாது?

அண்ணனுக்கு வேறு யோசனை. "பெருசா ஒரு பார்க்கிங் கட்டுனா முடிஞ்சுது" என்றார். எங்கே கட்டுவது? சரிவை வெட்ட வேண்டும், இல்லை பள்ளத்தை நிரப்ப வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்று 1993-லேயே விதி போட்ட மாவட்டம் இது. அந்தக் கட்டடத்துக்கு வரும் கார் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் நிலம், 50 ஏக்கருக்கு மேல், 2024-இல் அரசு கைக்கு வந்ததும் பார்க்கிங் போடலாம் என்று டீக்கடையில் பேசாத ஆளில்லை. ஊரிலேயே தாழ்வான இடம் அது; மழைத்தண்ணீர் தேங்கி இறங்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வரும். சூழல் பூங்கா என்று அரசு அறிவித்தது எனக்கு நிம்மதி.

பஸ் ஸ்டாண்டும் மலை ரயில் ஸ்டேஷனும் நடந்துபோகிற தூரத்தில் இருப்பது ஊட்டிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஆனால் சுற்றுப் பேருந்து நிறுத்தத்தில் ரயில் நேரம் எழுதிய ஒரு பலகையை நான் பார்க்கவில்லை. அண்ணன் பையன் "அத்தை, அடுத்த டிரெயின் எப்போ?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான், கடைசியில் ஸ்டேஷனுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை என்பதால் தண்ணீர் ஏடிஎம் உண்டு, லிட்டர் 5 ரூபாய். நாங்கள் போன ஒரு இடத்தில் நாணயத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது, அடுத்ததில் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: சில்லறையும் காலி பாட்டிலும் ஜெர்கினும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் வண்டியில் ஏறி நேராகத் தொட்டபெட்டாவுக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது, கீழே இறங்கும் கார்களும் அப்போதுதான் சேரும். கார்டனைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.